கண்ணுக்கு அழகா, கைக்கு வசதியா?
கம்ப்யூட்டர் திரை பற்றி ஒரு மொத்த வியாபாரியின் விளக்கம்



நமது இதழில் வரியைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் கற்றறிந்தவர்கள் பலர் எழுதி வருகிறார்கள். நான் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு கடைப்படி ஏறியவன். மதுரை கீழமாசி வீதியில் பருப்பு, பயறு மொத்த வியாபாரம். கம்ப்யூட்டர் நிபுணன் அல்லன். ஆயினும் எங்கள் கடையில் நடந்த ஒரு காரியம், கம்ப்யூட்டர் திரையைப் பற்றிச் சில விஷயங்களைத் தேடித் தெரிந்துகொள்ளும்படி என்னைச் செய்துவிட்டது. நான் பட்ட சங்கடம் மற்ற வியாபாரிகளுக்கு வரக்கூடாது என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

70 மூடை வித்தியாசம்

ஜிஎஸ்டி அமலுக்கு வந்த 2017 முதல் எங்கள் கடையில் பில் போடுவதற்கு ஒரு புரோகிராம் இருந்தது. வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்து, அவ்வளவுதான். பார்ப்பதற்கு ரேஷன் கார்டு மாதிரி இருக்கும். ஆனால் ஒரு நாளும் தகராறு செய்ததில்லை.

ஒரு நாள் விற்பனைப் பிரதிநிதி ஒருவர் வந்து புதிய புரோகிராம் ஒன்றைத் தன் மடிக்கணினியில் ஓட்டிக் காட்டினார். ஒவ்வொரு சரக்குக்கும் வண்ணப் படம். துவரம் பருப்பைத் தொட்டால் படம் பெரிதாகி வந்து நிற்கிறது. திரை கல்யாண மண்டபம் போல ஜொலித்தது. பத்து நிமிஷம் பார்த்தேன், மயங்கிவிட்டேன். எங்கள் கணக்கர் மட்டும், "முதலாளி, பழசே நல்லாத்தானே ஓடுது?" என்றார். "காலத்துக்குத் தக்கபடி நாமும் மாற வேண்டாமா?" என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

அந்த மாதக் கடைசியில் இருப்பு எடுத்தோம். நாட்டுத் துவரம் பருப்பு முதல் தரத்தில் 70 மூடை குறைவு. இரண்டாம் தரத்தில் 70 மூடை கூடுதல். மூடைக்கு 50 கிலோ, கிலோவுக்கு 9 ரூபாய் வித்தியாசம். ஆக 31,500 ரூபாய்.

இதைக் கண்ட எந்த வியாபாரிக்கும் முதலில் என்ன தோன்றும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் தரச் சரக்கை ஏற்றிவிட்டு இரண்டாம் தரத்துக்குப் பில் போட்டு, வாங்குகிறவரோடு கூட்டுச் சேர்ந்து கொள்வது நம் தொழிலில் பழைய மோசடி. எனக்கும் அதுதான் தோன்றியது. வாயால் கேட்கவில்லை. ஆனால் முகம் காட்டிக் கொடுத்துவிட்டது. கணக்கர் எங்களிடம் 31 வருஷமாக இருப்பவர். மறுநாள் காலை கல்லாச் சாவியைக் கொண்டு வந்து என் மேஜைமேல் வைத்தார். "சந்தேகம் வந்த இடத்துல சாவி இருக்கப்படாது, முதலாளி" என்றார்.

சாவியை நான் தொடவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, அவர் பில் போடுவதைப் பார்த்தேன். அப்போதுதான் விஷயம் விளங்கிற்று.

புதிய திரையில் படம் பெரிதாக இருந்தபடியால் சரக்கின் பெயருக்கு இடம் குறுகிவிட்டது. முதல் தரமும் இரண்டாம் தரமும் ‘நாட்டுத் துவரம் பரு...’ என்று மூன்று புள்ளியோடு ஒரே மாதிரி நின்றன. இரண்டுக்கும் ஒரே படம். விலையோ வெளிறிய சாம்பல் நிறத்தில், கடுகு அளவு எழுத்தில். போதாக்குறைக்கு, கடைசியாக விற்ற சரக்கு தானாகவே வரிசையின் முதலிடத்துக்கு ஏறிவிடும். பழைய புரோகிராமில் முதல் தரம் எப்போதும் மேலே, இரண்டாம் தரம் கீழே. அந்தப் பழக்கத்தில் அவர் கை மேலே இருந்ததைத் தட்டியிருக்கிறது. அன்று மேலே இருந்தது இரண்டாம் தரம்.

தப்பு செய்தது திரை. அந்தத் திரையைத் தேர்ந்தெடுத்தவன் நான். பழி விழ இருந்தது அவர் தலையில்.

திரைக்குள் ஒரு மேஜை

கம்ப்யூட்டரைத் திறந்தவுடன் வரும் முகப்பை ‘டெஸ்க்டாப்’ என்கிறோம். மேஜைப் பரப்பு என்று பொருள். இந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. முற்காலத்தில் திரையில் எழுத்து மட்டும்தான் தெரியும். எந்தக் கட்டளை எதற்கு என்று மனப்பாடம் செய்து தட்டச்சு செய்ய வேண்டும். அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தார் 1973-இல் ‘ஆல்டோ’ என்ற கம்ப்யூட்டரைச் செய்தார்கள். அதில் படங்கள் வரும் திரையும் மௌஸும் இருந்தன. 1981-இல் அதே கம்பெனி ‘ஸ்டார்’ என்ற இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தபோது, அலுவலக மேஜையில் இருக்கும் காகிதம், கோப்பு, தபால் தட்டு ஆகியவற்றைத் திரையில் சிறு சிறு படங்களாக வைத்தார்கள். பழகிய பொருளைக் கண்டால் புதியவன் பயப்படமாட்டான் என்பது அவர்கள் யோசனை. விலை பதினாறாயிரம் டாலருக்கு மேல் இருந்ததால் அது அதிகம் விற்கவில்லை.

1984-இல் ஆப்பிள் கம்பெனியின் ‘மக்கின்டோஷ்’ வந்தது. அதன் படங்களை வரைந்தவர் சூசன் கேர் என்ற பெண்மணி. நீளத்தில் 32, அகலத்தில் 32 என்று கட்டம் போட்ட தாளில், எந்தக் கட்டம் கறுப்பு, எந்தக் கட்டம் வெள்ளை என்று குறித்து வரைந்தார். இரண்டே நிறங்கள். ஆனாலும் எந்தப் படம் எதைக் குறிக்கிறது என்று சிறுவனுக்கும் தெரிந்தது.

ஆகவே திரையில் படமும் அலங்காரமும் வந்தது வெறும் பகட்டுக்காக அன்று. தெரியாதவனுக்கு வழிகாட்டுவதற்காக வந்தது. கடைக்கு முன்னால் தொங்கும் பெயர்ப்பலகை அழகாகவும் இருக்கலாம். ஆனால் என்ன கடை என்று சொல்வதுதான் அதன் முதல் வேலை.

வேலை செய்யும் அழகு

1995 ஆகஸ்டு 24-ஆம் தேதி ‘விண்டோஸ் 95’ வெளிவந்தது. நம்மவர்கள் பலர் முதன்முதலில் தொட்ட கம்ப்யூட்டரில் அது இருந்திருக்கும். அதன் பொத்தான்களை நினைவுபடுத்திப் பாருங்கள். மேல் ஓரமும் இடது ஓரமும் வெளிச்சமாக, கீழ் ஓரமும் வலது ஓரமும் நிழலாக, பொத்தான் சற்றுப் புடைத்துக்கொண்டு நிற்கும். அமுக்கினால் நிழல் இடம் மாறி உள்ளே அமுங்கியது போலத் தெரியும். அந்த நிழல் ஓர் அலங்காரம்தான். ஆனால் ‘இதை அமுக்கலாம்’, ‘இதோ அமுங்கிவிட்டது’ என்ற இரண்டு செய்திகளை அது வாய் திறவாமல் சொல்லிற்று.

அதன் ‘ஸ்டார்ட்’ பொத்தானும் யாரோ ஒருவர் மனம்போன போக்கில் வைத்ததன்று. முந்தைய விண்டோஸில் ஒரு புரோகிராமைத் தொடங்குவது எப்படி என்றே புதியவர்கள் திணறினார்கள். அதனால் மைக்ரோசாஃப்ட் கம்பெனியார் 560 பேரை அழைத்து, 64 கட்டங்களாக, திரையைக் கொடுத்து வேலை செய்யச் சொல்லிப் பக்கத்திலிருந்து கவனித்தார்கள். எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத் திருத்தினார்கள். ‘தொடங்கு’ என்று எழுதிய ஒரு பொத்தான் மூலையில் இருந்தால் வழி தெரிந்துவிடுகிறது என்று கண்டார்கள். அப்படியும் சிலருக்குத் தெரியவில்லை என்பதால், ‘இங்கே சொடுக்கித் தொடங்குங்கள்’ என்ற வாசகம் ஓடி வந்து அந்தப் பொத்தானைக் காட்டும்படி செய்தார்கள்.

நான் செய்யத் தவறியது இதைத்தான். உபயோகிக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கு முன்பே காசைக் கொடுத்துவிட்டேன்.

வேலையைக் கெடுக்கும் அழகு

பெரிய கம்பெனிகளும் இதில் சறுக்கியிருக்கின்றன. நமக்குப் பாடமாகும் என்பதால் சிலவற்றைச் சொல்கிறேன்.

1999-இல் ஆப்பிள் கம்பெனி ‘குவிக்டைம் 4’ என்ற படம் பார்க்கும் புரோகிராமை வெளியிட்டது. உண்மையான உலோகப் பெட்டி போலவே பளபளவென்று வரைந்திருந்தார்கள். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கப் பழைய கையடக்க ரேடியோவில் இருப்பது போல ஒரு சிறு சக்கரம். ரேடியோச் சக்கரத்தைக் கட்டை விரலால் உருட்டுவது சுலபம். திரையிலுள்ள சக்கரத்தை மௌஸால் எப்படி உருட்டுவது? கண்டனம் பலமாக எழுந்தது. அடுத்த பதிப்பில் சக்கரத்தை எடுத்துவிட்டுச் சாதாரண நகர்த்தியை வைத்தார்கள்.

ஏறக்குறைய அதே காலத்தில் வந்த ‘ஆஃபீஸ் 2000’ புரோகிராமில், அடிக்கடி உபயோகிக்காத கட்டளைகள் பட்டியலிலிருந்து தாமாகவே மறைந்துகொள்ளும். பட்டியல் சின்னதாக, சுத்தமாகத் தெரிய வேண்டும் என்பது நோக்கம். ஆனால் நேற்று இருந்தது இன்று இல்லை என்றால் வேலை செய்கிறவன் என்ன செய்வான்? ‘ஆஃபீஸ் 2007’ வந்தபோது அந்த ஏற்பாட்டையே கைவிட்டார்கள். எங்கள் துவரம் பருப்பு இடம் மாறிய கதையும் இந்த ஜாதியைச் சேர்ந்ததுதான்.

2007 ஜனவரியில் ‘விண்டோஸ் விஸ்டா’ வந்தது. ஜன்னல்களின் ஓரம் கண்ணாடி போல, பின்னால் இருப்பது மங்கலாகத் தெரியும். கண்ணுக்குக் குளிர்ச்சியான காட்சி. ஆனால் அந்தக் கண்ணாடி அலங்காரத்துக்கு மட்டும் 1 ஜிகாபைட் நினைவகமும், படத்துக்கென்று தனியாக 128 மெகாபைட் நினைவகமும் வேண்டியிருந்தது. ‘விஸ்டாவுக்கு ஏற்றது’ என்று முத்திரை ஒட்டி விற்ற இயந்திரங்கள் சிலவற்றில் அந்தக் கண்ணாடி அலங்காரம் ஓடவே இல்லை. அமெரிக்காவில் இதற்காக வழக்குத் தொடர்ந்தார்கள். சிப்பத்தின் மேல் ஒட்டிய சீட்டு ஒன்று, உள்ளே இருக்கும் சரக்கு வேறு என்றால் வாங்கியவர் சும்மா இருப்பாரா?

2012 அக்டோபரில் வந்த ‘விண்டோஸ் 8’ இன்னும் ஒரு படி மேலே போயிற்று. கைபேசி போல வண்ணவண்ண ஓடுகள் திரை முழுதும் நிறைந்தன. பதினேழு வருஷமாக மூலையில் இருந்த ‘ஸ்டார்ட்’ பொத்தானை எடுத்துவிட்டார்கள். மௌஸை மூலைக்குக் கொண்டுபோனால் வழி திறக்கும். ஆனால் அங்கே வழி இருக்கிறது என்று காட்ட எந்த அடையாளமும் இல்லை. பழகியவர்கள்கூட இயந்திரத்தை அணைக்க வழி தெரியாமல் விழித்தார்கள். மறு வருஷம், 2013 அக்டோபரில், 8.1 பதிப்பில் பொத்தானைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2015 ஜூலையில் வந்த ‘விண்டோஸ் 10’-இல் பட்டியலும் முழுதாகத் திரும்பிற்று.

அதன்பின் புடைத்த பொத்தான்களின் நிழலை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் தட்டையாக வரையும் மோஸ்தர் பரவிற்று. பார்ப்பதற்குத் துடைத்து வைத்த திண்ணை போலச் சுத்தமாக இருக்கிறது. ஆனால் எது பொத்தான், எது வெறும் எழுத்து என்று கண்டுபிடிக்க நம்மைப் போன்ற வயதுக்காரர்கள் திரை முழுதும் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கண் ஏன் ஏமாறுகிறது?

நான் மயங்கியது என் முட்டாள்தனம் என்றுதான் எண்ணியிருந்தேன். பிறகுதான் இது மனித சுபாவம் என்று தெரிந்தது.

ஜப்பானில் ஹிட்டாச்சி கம்பெனியின் வடிவமைப்பு மையத்தைச் சேர்ந்த மசாக்கி குரோசு, கவோரி காஷிமுரா என்ற இருவர் 1995-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏடிஎம் இயந்திரத்தின் பொத்தான்களை 26 விதமாக அடுக்கிப் படம் வரைந்து 252 பேரிடம் காட்டினார்கள். எது அழகு, எது உபயோகிக்கச் சுலபம் என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். உண்மையில் எந்த அடுக்கு சுலபம் என்பதைக் காட்டிலும், எது அழகோ அதற்கே ‘இதுதான் சுலபம்’ என்றும் மதிப்பெண் விழுந்தது. இஸ்ரேலில் நோம் டிராக்டின்ஸ்கி என்பவர் இதை நம்பாமல் தம் நாட்டில் அதே சோதனையைச் செய்து 1997-இல் வெளியிட்டார். அங்கேயும் அதே முடிவுதான் வந்தது. வெளுத்ததெல்லாம் பால் என்று நினைப்பது எல்லா நாட்டிலும் உண்டு போலும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் டுக் முதலானவர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் இணையக் கடையை வைத்துச் சோதித்தார்கள். உபயோகிக்கச் சிரமமாக அமைந்த கடையில் பொருள் தேடி அலுத்தவர்கள், வேலை முடிந்தபின் அதன் அழகுக்கும் குறைவாகவே மதிப்பெண் கொடுத்தார்கள். அதாவது, பார்க்கும்போது அழகு முந்தி நிற்கிறது. பழகியபின் வசதி அழகையே மாற்றிவிடுகிறது. பத்து நிமிஷம் பார்த்த எனக்கு அந்தத் திரை அழகாக இருந்தது. பத்து மணி நேரம் பார்த்த கணக்கருக்கு அதே திரை அழகாக இல்லை. இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான்.

இதனால் அழகே வேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். முகம் சுளிக்க வைக்கும் திரையில் புதுப் பையன்கள் வேலை பழக மாட்டார்கள். வாடிக்கையாளர் பார்க்கும் திரை, விலைப் பட்டியல் காட்டும் திரை, இணையத்தில் நாம் வைக்கும் கடை இவையெல்லாம் கண்ணைக் கவர வேண்டும். முன்வாசலுக்குத் தோரணம் வேண்டியதுதான். தராசுத் தட்டில் தோரணம் கட்டினால் எடை என்ன ஆகும்?

கைக்கும் ஒரு கணக்கு உண்டு

அமெரிக்க மனோதத்துவ அறிஞர் பால் ஃபிட்ஸ் 1954-இல் ஒரு சோதனை செய்தார். இரண்டு தகடுகளை வைத்து, ஓர் ஊசியால் மாறி மாறித் தட்டச் சொன்னார். தகடு எவ்வளவு தூரமோ, எவ்வளவு குறுகலோ, அவ்வளவு நேரம் கூடும் என்பதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார். இன்றும் திரை வரைகிறவர்களுக்கு இது அடிப்படைப் பாடம். நம் மொழியில் சொன்னால், அடிக்கடி விற்கும் சரக்கு கைக்கு எட்டும் தட்டில், பெரிய டப்பாவில் இருக்க வேண்டும். திரையிலும் ‘பில் போடு’ என்ற பொத்தான் பெரிதாகவும் பக்கத்திலும் இருக்க வேண்டும். ‘அழித்துவிடு’ என்பது எட்ட இருக்க வேண்டும். இரண்டையும் ஒட்டி வைத்திருந்தால் அந்தப் புரோகிராமை வாங்காதீர்கள்.

திரையின் மூலைக்கும் ஓரத்துக்கும் ஒரு சிறப்பு உண்டு. மௌஸை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் ஓரத்தைத் தாண்டிப் போகாது, அங்கேயே நின்றுவிடும். குறி பார்க்காமலே போய்ச் சேரலாம். மக்கின்டோஷில் கட்டளைப் பட்டியலைத் திரையின் உச்சி ஓரத்தில் வைத்ததன் அனுகூலம் இது. 2021-இல் வந்த ‘விண்டோஸ் 11’ ஸ்டார்ட் பொத்தானை மூலையிலிருந்து நடுப்பக்கம் நகர்த்திவிட்டது. நல்ல வேளையாக, பழையபடி இடது மூலைக்குக் கொண்டுவர அதிலேயே வழி இருக்கிறது.

கூட்டம் நிற்கும் கடையில் மௌஸைவிடச் சாவிப்பலகைதான் வேகம். இதற்கு ‘டேலி’ நல்ல உதாரணம். ஷியாம் சுந்தர் கோயங்கா என்பவர் ஆலைகளுக்கு மூலப்பொருள் சப்ளை செய்த வியாபாரி. தம் கணக்குக்கு ஏற்ற புரோகிராம் கிடைக்காமல், மகன் பரத் கோயங்காவையே ஒன்று எழுதச் சொன்னார். 1986-இல் பெங்களூரில் அப்படித்தான் அந்தக் கம்பெனி தொடங்கிற்று. எஃப் 5 தட்டினால் பணம் கொடுத்தது, எஃப் 6 தட்டினால் வரவு, எஃப் 8 விற்பனை, எஃப் 9 கொள்முதல். முகம் காலத்துக்குக் காலம் மாறினாலும் இந்தச் சாவிகள் மாறவில்லை. பழகிய கணக்கர் திரையைப் பார்க்காமலே தட்டுகிறார். கண் சிட்டையில் இருக்கிறது. இடம் மாறாத பொருளைக் கை தானாகவே கண்டுகொள்ளும். அதை இடம் மாற்றினால், நெடுநாள் பழக்கம் அதே நெடுநாள் பழக்கத்தால் தவறிழைக்கும்.

வயதான கண்

நாற்பது வயதைத் தாண்டினால் கிட்டத்துப் பொருள் மங்கும். இதை வெள்ளெழுத்து என்பார்கள். இப்போதைய திரைகளில் வெள்ளைப் பின்னணியில் சாம்பல் எழுத்து நாகரிகமாகிவிட்டது. இணையத் திரைகளுக்கு விதி வகுக்கும் சர்வதேச அமைப்பு ஒன்று 2008-லேயே, எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. கறுப்பும் வெள்ளையும் 21-க்கு 1. நம் பழைய பேரேட்டில் வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் எழுதினோமே, அதற்கு மேல் தெளிவு கிடையாது.

நிறத்தை மட்டும் நம்பியும் கணக்குச் சொல்லக்கூடாது. ஆண்களில் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பேதம் தெரியாது. பாக்கி என்றால் சிவப்பு, வசூலானால் பச்சை என்று வண்ணம் தீட்டியதோடு நிற்காமல், பக்கத்தில் ‘பாக்கி’ என்ற சொல்லும் இருக்க வேண்டும்.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனைகள்

பட்ட அனுபவத்தில் சொல்கிறேன். பில் போடும் புரோகிராமை வாங்குமுன்போ, புதுப் பதிப்புக்கு மாறுமுன்போ கீழ்க்கண்டவற்றைச் செய்து பாருங்கள்.

1. முதலாளி பார்த்து வாங்க வேண்டாம். நாள் முழுதும் அதில் உட்காரப்போகிறவரை உட்கார வையுங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்து பேசாமல் கவனியுங்கள். விற்க வந்தவரையும் பேசவிடாதீர்கள்.

2. அவர்கள் கொண்டுவரும் மாதிரிச் சரக்கு வேண்டாம். உங்கள் சரக்குப் பெயர்களை, அதிலும் மிக நீளமான பெயர்களை, தமிழிலேயே ஏற்றிப் பாருங்கள். பெயர் பாதியில் வெட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

3. உங்கள் கடையிலுள்ள பழைய இயந்திரத்தில் ஓட்டிப் பாருங்கள். அவர்களுடைய புது மடிக்கணினியில் எதுவும் வேகமாகத்தான் ஓடும்.

4. நேற்றைய பத்துச் சிட்டைகளை எடுத்து, பழையதிலும் புதியதிலும் பில் போட்டு, கடிகாரம் பார்த்து நேரத்தையும் தப்புகளையும் எழுதுங்கள். முதல் நாள் புதியது தாமதமாகத்தான் இருக்கும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் எழுதிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

5. மௌஸைப் பிடுங்கி வைத்துவிட்டு ஒரு பில் போடச் சொல்லுங்கள்.

6. ஒரு பில்லை வேண்டுமென்றே தப்பாகப் போட்டுத் திருத்தச் சொல்லுங்கள். திருத்துவதற்கு முன் ‘நிச்சயமா?’ என்று கேட்கிறதா, திருத்தியது பதிவில் நிற்கிறதா என்று பாருங்கள்.

7. மூன்றடி தள்ளி நின்று விலையும் அளவும் வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் கலங்க வேண்டாம். செலவில்லாத சில பரிகாரங்கள் உண்டு. விண்டோஸ் 11-இல் ‘செட்டிங்ஸ்’ பகுதிக்குள் ‘அக்ஸசிபிலிட்டி’ என்ற பிரிவில் எழுத்தைப் பெரிதாக்கலாம். அங்கேயே ஜன்னல்கள் மிதந்து வரும் அசைவுகளை நிறுத்தலாம், எழுத்து எடுப்பாகத் தெரியும் நிற அமைப்பையும் வைக்கலாம். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான பாதுகாப்பு ஆதரவு முடிந்துவிட்டதால், நம்மில் பலர் புதிய முகத்துக்கு மாறியாக வேண்டும். மாறுகிற நாளைத் தீபாவளி வியாபாரத்துக்கு முந்தின வாரமாக வைத்துக்கொள்ளாதீர்கள். சாந்தமான மாதத்தில், பழையதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாறுங்கள்.

சரக்குப் பெயர் வைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. எது வித்தியாசமோ அது முதலில் வர வேண்டும். ‘நாட்டுத் துவரம் பருப்பு முதல் தரம்’ என்பதை ‘முதல் தரம் நாட்டுத் துவரம் பருப்பு’ என்று மாற்றினோம். இரண்டாம் தரத்துக்கு ‘இரண்டாம்’ என்று தொடங்கினோம். இனிப் பெயர் எங்கே வெட்டுப்பட்டாலும் தரம் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும் கொடுத்தோம். கணக்கர் எண்ணைத் தட்டினால் சரக்கு வந்துவிடும்; படத்தைத் தேட வேண்டியதில்லை.

முடிவாக

புரோகிராம்காரர்களிடம் பேசியபோது, படங்களை மறைத்து வெறும் பட்டியலாக வைக்கவும், வரிசை மாறாமல் நிறுத்தவும் அதிலேயே வழி இருப்பது தெரிந்தது. விற்கும்போது அதைக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது எங்கள் திரை மறுபடியும் ரேஷன் கார்டு மாதிரிதான் இருக்கிறது.

தவறான பில் சென்ற கடைக்காரர்கள் நால்வருக்கும் நானே போன் செய்து விவரம் சொன்னேன். மூவர் கணக்கைப் பார்த்து, 60 மூடைக்குரிய 27,000 ரூபாயை மறுபேச்சின்றி வரவு வைத்தார்கள். ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. 10 மூடைக்குரிய 4,500 ரூபாயை என் படிப்புச் செலவு என்று எழுதித் தள்ளினேன்.

சாவியைக் கணக்கர் கையில் நானே எடுத்துக் கொடுத்தேன். "திரையைப் பார்க்காம உங்களைப் பார்த்துட்டேன். மனசுல வச்சுக்காதீங்க" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, நின்றிருந்த லாரிக்குப் பில் போட உட்கார்ந்தார்.

வணிகச் சகோதரர்களே! உங்கள் கடையில் கணக்குத் தப்பினால், ஆளைச் சந்தேகிக்கும் முன்பு ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் திரையைப் பாருங்கள். பணத்தை வசூல் செய்துவிடலாம். 31 வருஷ நம்பிக்கை போனால் எந்தக் கிட்டங்கியில் போய் எடுப்பது?